கோடு இரண்டு, கார்டு ஒன்று

லோஹேகாவ் என்றதும் நமக்கு நினைவு வருவது விமானம். தலைக்கு மேலே விமானம் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் போனதும் பேச்சைத் தொடர்வோம். 2017-ஆம் ஆண்டில் இந்த ஊர் புனே மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு முன்பு இது தனிக் கிராமம். ஊர்க்காரர்கள் இன்னொரு பெருமையும் சொல்வார்கள். மராட்டிய மக்கள் கொண்டாடும் துக்காராம் மகானின் அம்மா பிறந்த ஊர் இதுதான். துக்காராமுக்கு இது தாய்மாமன் ஊர்.

மராட்டியில் தாய்வீட்டை 'மாஹேர்' என்பார்கள். இங்கும் பெண்கள் பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறார்கள். நாமும் போகிறோம். ஆனால் நம் தாய்வீடு ரயிலில் ஒரு நாள் பயண தூரத்தில் இருக்கிறது. அதனால் நமக்குக் கேள்விகள் அதிகம்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டு அக்காவுக்கும் அந்தக் கேள்விகள் வந்தன. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நான் டாக்டர் அல்ல. பள்ளிப் படிப்பு முடித்தவள். மாலை வகுப்பில் எழுத்துச் சொல்லித் தருகிறேன். ஆஷா தாயியிடமும் நர்ஸிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதியிருக்கிறேன்.

அக்காவின் கேள்வி

அக்காவுக்கு வயது 22. திருவண்ணாமலைப் பக்கத்து ஊர். அவர் கணவர் கட்டட வேலையில் சென்ட்ரிங் அடிப்பவர். ஒரு நாள் காலையில் அக்கா என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு சிறிய வெள்ளை அட்டை இருந்தது.

"இங்க பாரும்மா, ரெண்டு கோடு தெரியுது. ஒண்ணு அழுத்தமா இருக்கு, ஒண்ணு வெளிறி இருக்கு. இது ஆமாவா, இல்லையா?"

"ஆமாதான் அக்கா" என்றேன்.

அக்கா சிரித்தார். அடுத்த நிமிடமே முகம் வாடிவிட்டது. "இப்ப என்ன பண்ணணும்?"

அன்று மாலைக்குள் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லிவிட்டார்கள். மாமியார் போனில், "மூணு மாசம் முடியட்டும், யாருக்கும் சொல்லாதே. கண் பட்டுடும்" என்றார். அம்மா, "உடனே ஊருக்கு வந்துடு" என்றார். கணவர், "கடன் வாங்கியாவது பெரிய தனியார் ஆஸ்பத்திரியில பாக்கலாம்" என்றார். எதிர் வீட்டு அத்தை, "ஆஷா தாயிகிட்ட போய் முதல்ல பேரைப் பதி" என்றார்.

நாலு பேரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் எதை முதலில் செய்வது? அத்தை சொன்னதைத்தான். ஏன் என்று பார்ப்போம்.

அட்டையைப் பார்ப்பது எப்படி?

மாதவிலக்கு வரவேண்டிய நாள் தள்ளிப்போனால் சிறுநீரைச் சோதித்துப் பார்க்கலாம். மருந்துக் கடையில் அட்டை கிடைக்கும். ஆஷாவிடமும் அரசு மருத்துவமனையிலும் இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

காலையில் எழுந்ததும் முதலில் போகும் சிறுநீர் நல்லது. சுத்தமான கிண்ணத்தில் பிடிக்க வேண்டும். அட்டையின் குழியில் இரண்டு மூன்று சொட்டு விட வேண்டும். ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும்.

'சி' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மட்டும் கோடு வந்தால் கர்ப்பம் இல்லை. 'சி', 'டி' இரண்டிலும் கோடு வந்தால் கர்ப்பம். இரண்டாவது கோடு வெளிறியிருந்தாலும் அது கோடுதான். 'சி'-யில் கோடே வராவிட்டால் அட்டை கெட்டுப்போனது. வேறு அட்டையில் பார்க்க வேண்டும். கோடு ஒன்றுதான் வந்தது, ஆனால் ஒரு வாரம் ஆகியும் விலக்கு வரவில்லை என்றால், மறுபடி சோதிக்க வேண்டும்.

நாளைக் கணக்கிடுவோம்

டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி, "கடைசியாக எப்போது விலக்கானீர்கள்?" என்பதுதான். விலக்கு தொடங்கிய நாளைச் சொல்ல வேண்டும், முடிந்த நாளை அல்ல. வீட்டு நாட்காட்டியில் மாதா மாதம் அந்தத் தேதியில் ஒரு வட்டம் போட்டுவையுங்கள். எழுதத் தெரிந்த கைக்கு இது சின்ன வேலை.

அந்த நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவ நாள் ஏறக்குறையத் தெரியும். ஜனவரி 10-இல் விலக்குத் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மாதம் கூட்டினால் அக்டோபர் 10. ஏழு நாள் கூட்டினால் அக்டோபர் 17. குழந்தை அந்த நாளுக்குச் சில நாள் முன்னேயோ பின்னேயோ பிறக்கலாம்.

பன்னிரண்டு வாரத்துக்குள் பெயரைப் பதிய வேண்டும். இந்தக் கணக்கில் அது ஏப்ரல் 4. 'மூணு மாசம் யாருக்கும் சொல்லாதே' என்று இருந்தால் அந்த நாள் கடந்துபோகும். ஊருக்குச் சொல்ல வேண்டாம். நர்ஸிடம் சொல்லலாம் அல்லவா? நர்ஸ் கண் வைக்க மாட்டார்!

பெயர் பதிந்தால் என்ன கிடைக்கும்?

நம் பகுதி ஆஷாவையோ அங்கன்வாடியையோ கேட்டால் எங்கே பதிவது என்று சொல்வார்கள். ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், செல்போன் எண் கொண்டுபோக வேண்டும். வாடகை வீடாக இருந்தாலும், வேறு மாநிலத்து ரேஷன் கார்டாக இருந்தாலும் தயங்க வேண்டாம். கர்ப்பிணி எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அரசு மருத்துவமனையில் பார்ப்பார்கள்.

பதிந்ததும் 'தாய் சேய் பாதுகாப்பு அட்டை' ஒன்று தருவார்கள். இதுதான் நம் கதையின் கார்டு. எடை, ரத்த அழுத்தம், ரத்தச் சத்து, ஊசி போட்ட தேதி எல்லாம் அதில் எழுதுவார்கள்.

முதல் முறை போகும்போது ரத்தமும் சிறுநீரும் சோதிப்பார்கள். ரத்தப் பிரிவு, சர்க்கரை, எச்.ஐ.வி., மேக நோய் இவற்றையும் பார்ப்பார்கள். பயப்பட வேண்டாம். நோய் இருந்தால் தொடக்கத்திலேயே மருந்து கொடுத்துக் குழந்தையைக் காக்கலாம்.

பிரசவத்துக்குள் குறைந்தது நான்கு முறை சோதனைக்குப் போக வேண்டும். பன்னிரண்டு வாரத்துக்குள் முதல் முறை. 14 முதல் 26 வாரத்துக்குள் இரண்டாம் முறை. 28 முதல் 34-க்குள் மூன்றாம் முறை. 36-க்குப் பிறகு நான்காம் முறை. நான்கு என்பது குறைந்த அளவு. எட்டு முறை பார்ப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சொன்னது. நான்காம் மாதத்திலிருந்து, ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளை டாக்டரே இலவசமாகப் பார்க்கும் திட்டம் உண்டு. இதுவும் 2016-இல் தொடங்கியதுதான்.

மாத்திரைகள்

முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமில மாத்திரை. இது குழந்தையின் மூளையும் முதுகுத் தண்டும் சரியாக உருவாக உதவும். நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஓர் இரும்புச்சத்து மாத்திரை. குறைந்தது 180 நாள். கூடவே சுண்ணாம்புச் சத்து மாத்திரை தினம் இரண்டு.

இரும்பையும் சுண்ணாம்பையும் ஒரே வேளையில் போடக் கூடாது. ஒன்று மற்றதை உடம்பில் சேரவிடாது. இரும்பு மாத்திரையோடு டீயும் குடிக்கக் கூடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் சத்து நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும். அது தீங்கில்லை.

கர்ப்பிணிக்கு ரத்தச் சத்து 11-க்குக் குறையக் கூடாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு ரத்தசோகை இருந்தது. நம் அக்காவுக்கு 9 இருந்தது. முதல் மாதங்களிலேயே தெரிந்ததால் மாத்திரையும் கீரையும் முட்டையும் அதைச் சரிசெய்தன. எட்டாம் மாதத்தில் தெரிந்திருந்தால்?

இன்னொன்று. இங்கே பலர் மிஷ்ரி தேய்க்கிறார்கள். அதுவும் வறுத்த புகையிலைதான். வெற்றிலையோடு போடும் புகையிலையும் அதேதான். வயிற்றுக் குழந்தையின் எடையை அது குறைக்கும். விட்டுவிட வேண்டும். தலையில் செங்கல், சிமெண்ட் சுமப்பதையும் நிறுத்தச் சொல்லி மேஸ்திரியிடம் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

இப்போது குழந்தை வேண்டாம் என்றால்?

இரண்டு கோடு எல்லோருக்கும் மகிழ்ச்சி தருவதில்லை. கைக்குழந்தை இருக்கலாம். உடல்நிலை சரியில்லாமல் இருக்கலாம். அப்படியானால் சட்டம் வழி வைத்திருக்கிறது. 1971-இல் வந்த கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. அதன்படி, சட்டம் சொல்லும் காரணங்களுக்காக 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தோடு கலைக்கலாம். கருத்தடை முறை பலிக்காமல் போனதும் அந்தக் காரணங்களில் ஒன்று. குறிப்பிட்ட சில நிலைகளில் 24 வாரம் வரை இடம் உண்டு. 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்துத் தேவையில்லை.

ஆனால் கடையில் மாத்திரை வாங்கித் தானே விழுங்கக் கூடாது. சில சமயம் கரு கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கிவிடும். அது தெரியாமல் மாத்திரை போட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டரிடமே போக வேண்டும்.

ஸ்கேன் எடுக்கும்போது ஆணா பெண்ணா என்று கேட்கக் கூடாது. கேட்பதும் சொல்வதும் குற்றம். 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அது.

எந்த ஆஸ்பத்திரி?

அக்காவின் கணவர் கடன் வாங்க நினைத்தார். நல்ல மனசுதான். ஆனால் செலவில்லாத வழி இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

2011 ஜூன் முதல் 'ஜனனி சிசு சுரக்ஷா' என்ற திட்டம் நடக்கிறது. அரசு மருத்துவமனையில் பிரசவம் இலவசம். அறுவைசிகிச்சையும் இலவசம். மருந்து, ரத்தம், சோதனை எல்லாம் இலவசம். சாதாரணப் பிரசவத்துக்கு மூன்று நாளும், அறுவைசிகிச்சைக்கு ஏழு நாளும் சாப்பாடு தருவார்கள். வீட்டிலிருந்து அழைத்துப்போகவும் திரும்பக் கொண்டுவிடவும் வண்டி உண்டு. இதற்கு 102 என்ற எண்ணை அழைக்கலாம். அவசரம் என்றால் 108.

லோஹேகாவ்காரர்களுக்கு எரவாடாவில் மாநகராட்சியின் ராஜீவ் காந்தி மருத்துவமனை இருக்கிறது. மங்கள்வார் பேட்டில் மாநகராட்சியின் கமலா நேரு மருத்துவமனை. புனே ஸ்டேஷன் பக்கத்தில் அரசின் சசூன் மருத்துவமனை. சிக்கலான பிரசவங்களைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கணவருக்கு இ.எஸ்.ஐ. இருந்தால் அந்த மருத்துவமனையிலும் மனைவி பார்த்துக்கொள்ளலாம்.

தனியார் மருத்துவமனைக்குப் போவதும் தவறில்லை. ஆனால் போகும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். சாதாரணப் பிரசவத்துக்கு எவ்வளவு? அறுவைசிகிச்சை ஆனால் எவ்வளவு? இரவிலும் டாக்டர் இருப்பாரா? குழந்தைக்கு மூச்சுத் திணறினால் இங்கேயே பார்ப்பீர்களா, வேறெங்காவது அனுப்புவீர்களா? பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

வீட்டுப் பிரசவம் மட்டும் வேண்டாம். ரத்தப்போக்கு அதிகமானால் வீட்டில் யாராலும் நிறுத்த முடியாது. 1997-98-இல் நம் நாட்டில் ஒரு லட்சம் குழந்தை பிறந்தால் 398 தாய்மார் இறந்தார்கள். 2018-20-இல் அது 97 ஆகக் குறைந்தது. மகாராஷ்டிரத்தில் 33. மருத்துவமனைப் பிரசவம் பெருகியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இங்கேயா, தாய்வீட்டிலா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. தாய்வீட்டில் அம்மா இருப்பார். வேளைக்குச் சோறு கிடைக்கும். நம் மொழியில் நர்ஸிடம் பேசலாம். இங்கே இருந்தால் கணவர் பக்கத்தில் இருப்பார். முதலிலிருந்து பார்த்த டாக்டரே பார்ப்பார். எது வசதியோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் ஐந்தாம் மாதத்துக்குள் முடிவு செய்யுங்கள்.

தாய்வீடு போவதானால் கடைசி மாதம் வரை காத்திருக்கக் கூடாது. டாக்டரிடம் கேட்டு ஏழாம் மாதத்துக்குள் போவது நல்லது. தனியாகப் போக வேண்டாம். ரயிலில் கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். ஊர் போனதும் கிராம சுகாதார நர்ஸைப் பார்த்துப் பதியுங்கள். தமிழ்நாட்டில் 12 இலக்கமுள்ள ஆர்.சி.எச். எண் கேட்பார்கள். குழந்தையின் பிறப்புச் சான்றுக்கும் அது தேவைப்படும்.

குழந்தை எந்த ஊரில் பிறக்கிறதோ அந்த ஊரில்தான் பிறப்பைப் பதிவார்கள். 21 நாளுக்குள் பதிய வேண்டும்.

டிரங்குப் பெட்டியில் இருந்த கார்டு

நம் அக்கா தாய்வீட்டைத்தான் தேர்ந்தெடுத்தார். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து ஊருக்குப் போனார். புடவை, பாத்திரம், குழந்தைக்குப் பழந்துணி எல்லாம் மூட்டையில் போனது. கார்டு மட்டும் லோஹேகாவ் வீட்டு டிரங்குப் பெட்டியில் தங்கிவிட்டது. 'அங்கே வேறு கார்டு போடுவார்கள்' என்று நினைத்தாராம். அங்கே போய்ப் பதியவும் இல்லை. 'நாளைக்கு, நாளைக்கு' என்று நாள் போனது.

ஒரு நாள் இரவு, சொன்ன நாளுக்கு முன்பாகவே வலி வந்துவிட்டது. கணவர் அப்போதுதான் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்: "ரத்தப் பிரிவு என்ன? கார்டு எங்கே?"

அவருக்குத் தெரியவில்லை. எதிர் வீட்டு அத்தைக்குப் போன் போட்டார். சாவி அத்தையிடம்தான் இருந்தது. அன்று நான் ஊரில் இல்லை.

அத்தைக்கு வயது ஐம்பதுக்கு மேல். எங்கள் வகுப்பில் தமிழ் எழுத்துக் கற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. கார்டில் இருந்ததோ மராட்டியும் ஆங்கிலமும். பெட்டியைத் திறந்து கார்டை எடுத்தார். விளக்கடியில் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார்.

"தம்பி, ஒரு கட்டத்துல ஒத்த எழுத்து இருக்குப்பா. நேரா ஒரு கோடு, அதுக்கு ரெண்டு வயிறு. பக்கத்துல படுத்தாப்புல ஒரு சின்னக் கோடு."

கணவர் அதை அப்படியே நர்ஸிடம் சொன்னார். நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. "பி நெகடிவ்" என்றார்.

அங்கேயும் ரத்தத்தைச் சோதித்தார்கள். அதே பிரிவுதான். ஆனால் முடிவு வரும்வரை காத்திராமல் அந்தப் பிரிவு ரத்தத்துக்கும் 'ஆன்டி-டி' ஊசிக்கும் ஏற்பாடு செய்ய நேரம் கிடைத்தது. நெகடிவ் தாய்க்கு பாசிடிவ் குழந்தை பிறந்தால், 72 மணி நேரத்துக்குள் அந்த ஊசி போட வேண்டும். போடாவிட்டால் அடுத்த கர்ப்பத்தில் குழந்தைக்கு ஆபத்து வரலாம். அக்காவுக்கு மகள் பிறந்தாள். ஊசியும் நேரத்தில் போட்டார்கள்.

இப்போது அக்கா எல்லோருக்கும் சொல்வார்: "கார்டை வாங்கின அன்னிக்கே போன்ல போட்டோ எடுத்து வைங்க. வீட்டுக்காரர் போன்லயும் இருக்கட்டும், அம்மா வீட்டுப் போன்லயும் இருக்கட்டும். கார்டு கைப்பையிலயே இருக்கட்டும். ரத்தப் பிரிவை மனப்பாடம் பண்ணுங்க."

என்ன பணம் வரும்?

முதல் குழந்தைக்கு 'பிரதம மந்திரி மாத்ரு வந்தனா' திட்டத்தில் 5,000 ரூபாய் உண்டு. கர்ப்பத்தைப் பதிந்து சோதனை செய்ததும் ஒரு பகுதி; குழந்தையின் பிறப்பைப் பதிந்து முதல் தடுப்பூசிகள் போட்டதும் மறு பகுதி. இரண்டாவது பெண் குழந்தையானால் 6,000 ரூபாய். இதற்குத் தகுதி விதிகள் உண்டு. அங்கன்வாடியில் கேட்டால் சொல்வார்கள். தமிழ்நாட்டில் பதிந்து, அங்கே அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித் திட்டம் இருக்கிறது. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயர் இருந்தால் அதிலும் பிரசவ உதவி கேட்கலாம். எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது பதிவையும் கார்டையும்தான்.

உடனே ஓட வேண்டிய அடையாளங்கள்

ரத்தம் போவது. அடிவயிற்றில், அதுவும் ஒரு பக்கமாக, கடும் வலி. தாங்க முடியாத தலைவலி, கண் மங்குவது. முகமும் கையும் வீங்குவது. வலிப்பு. கடும் காய்ச்சல். மூச்சு வாங்குவது. நீர் உடைவது. குழந்தையின் அசைவு குறைவது. இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

இங்கே பேச உதவும் மராட்டிச் சொற்கள்

மீ கரோதர் ஆஹே: நான் கர்ப்பமாக இருக்கிறேன்.
போடாத் துக்தய்: வயிறு வலிக்கிறது.
ரக்த ஜாதய்: ரத்தம் போகிறது.
சக்கர் யேதே: தலை சுற்றுகிறது.
பாள் ஹலத் நாஹி: குழந்தை அசையவில்லை.

'தாயி' என்றால் மராட்டியில் அக்கா. ஆஷா தாயி என்றால் ஆஷா அக்கா. அக்காவிடம் கேட்க என்ன கூச்சம்?

ஒரு பெண்ணின் நினைவு

ஆனந்திபாய் ஜோஷி என்று ஒரு மராட்டியப் பெண் இருந்தார். பதினான்கு வயதில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். சரியான மருத்துவம் இல்லாமல் பத்து நாளில் குழந்தை இறந்தது. பெண்களுக்குப் பெண் டாக்டர் வேண்டும் என்று அவர் உறுதி எடுத்தார். கடல் கடந்து அமெரிக்கா போனார். 1886-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். நோயோடு திரும்பி வந்து 1887-இல் இதே புனேயில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 21. எங்கள் அக்காவை விட ஒரு வயது குறைவு.

அவருக்குக் கிடைக்காத மருத்துவம் இன்று நமக்கு பஸ் போகும் தூரத்தில் இருக்கிறது. இரண்டு கோடு தெரிந்த வாரமே போய்ப் பெயரைப் பதிவோம்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் ரத்தப் பிரிவு உங்களுக்குத் தெரியுமா? வீட்டில் யாருக்குத் தெரியும்?
2. உங்கள் பகுதி ஆஷா யார்? அவர் போன் எண்ணைச் சுவரில் எழுதுங்கள்.
3. மார்ச் 3-இல் விலக்குத் தொடங்கிய பெண்ணுக்குப் பிரசவ நாள் எது? கணக்கிடுங்கள்.
4. 'மூணு மாசம் சொல்லக் கூடாது' என்பவரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?